காற்றில் எங்கள் பங்கு எவ்வளவு? மன்னார்த் தீவிலிருந்து வலுசக்தி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் செயலாளருக்கும், நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும், 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பனிகளாகப் பிரிக்கப்படும் இலங்கை மின்சார சபையின் எல்லாத் துண்டுகளுக்கும்,

வணக்கம்.

மன்னார்த் தீவில் பிறந்து, இங்குள்ள பாடசாலைகளில் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். எனக்குக் கட்சி இல்லை. 2025 ஆகஸ்டில் காற்றாலைக் கோபுரங்களுக்கு எதிராக மன்னார் நகரில் இரவு பகலாக இருந்தவர்களில் என்னிடம் படித்தவர்கள் இருந்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு கோபுர வேலைக்குப் போகிறவர்களிலும் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த மடலைப் படித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

முதலில் பழைய பழக்கத்தில் ஒரு பாடம். காற்றிலிருந்து எடுக்கக்கூடிய வலு, அதன் வேகத்தின் கனத்துக்கு நேர்விகிதசமம். செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் வீசும் இடத்துக்கும் 8 மீற்றர் வேகத்தில் வீசும் இடத்துக்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஏழின் கனம், அதாவது 7 × 7 × 7, 343. எட்டின் கனம் 512. அதே கோபுரம், அதே இறக்கை, அதே செலவு. கிடைக்கும் வலு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பறை யன்னல்களைத் திறந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று கொப்பிகளைப் புரட்டி எறிவதைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் அதுதான் எங்கள் பரிசோதனை.

ஆகவே நீங்கள் ஏன் திரும்பத் திரும்ப எங்கள் தீவுக்கே வருகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. தலைமன்னார் முனைவரை நீண்டு கிடக்கும் இந்த மணல் துண்டில் காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. பனையும் உடைமரமும் மட்டுந்தான். தென்மேற்கிலிருந்து கடல் தாண்டி வரும் சோளகம் முதலில் தொடுவது எங்கள் கரையை.

நாட்டுக்குக் காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தபோது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரிக்கேன் விளக்கு தேடித் திரிந்தவன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாற்றும் கப்பலில் வரும் கரியை நம்பி நிற்கிறது. கரிக்கு டொலர் வேண்டும், சோளகத்துக்கு வேண்டாம். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்ற இலக்கு பிழையானதல்ல.

அந்த வழியில் நாடு வந்த தூரமும் சிறியதல்ல. 1999இல் அம்பாந்தோட்டையில் வெறும் 3 மெகாவாற், ஐந்து சின்னக் கோபுரங்கள். 2010 தொடக்கம் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் தனியார் பத்துப் பத்து மெகாவாற்றாகப் போட்டார்கள். 2014இல் பளையில். பிறகு 2020 டிசெம்பரில் எங்கள் தென்கரையில் தம்பபவனி காற்றாலை: 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன், மின்சார சபையின் சொத்து. அம்பாந்தோட்டையில் ஒரு கோபுரம் 600 கிலோவாற். இங்கே ஒன்று 3,450. இருபது வருடத்தில் ஒரு கோபுரம் கிட்டத்தட்ட ஆறு மடங்காக வளர்ந்திருக்கிறது. கோபுரத்தை ஊருக்குள் கொண்டுவரும் முறைதான் வளரவில்லை.

சில காலத்துக்கு முன் ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். யார் கூட்டியது என்பது இங்கே முக்கியமில்லை. திரையில் படங்கள் ஓடின. காபன், மெகாவாற், முதலீடு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கேள்வி நேரத்தில், கரைவலைத் தொழில் செய்த வயதான ஒருவர் எழும்பினார்.

"சேர், சோளகம் எழும்பினா தெக்குக் கடல் கொந்தளிக்கும். எங்கட வள்ளம் கரையில. வசதி இருக்கிறவன் வடக்குக் கரைக்கு மாறுவான், இல்லாதவன் வாடிக்குள்ள படுத்திருப்பான். உங்கட காத்தாடி அப்பதான் நல்லாச் சுத்துது. எங்களுக்குப் பஞ்ச மாதம், உங்களுக்கு அறுவடை மாதம். அப்பிடித்தானே?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், எரிச்சலில் சிரிக்கவில்லை. "அது இயற்கை ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதபடியால்தான் இந்த மடல்.

ஏனென்றால் அது கவித்துவத்துக்காகக் கேட்ட கேள்வி அல்ல, கணக்குக் கேள்வி. மேலே சொன்ன கன விதியைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் தீவில் ஒரு கோபுரத்தை நட்டால் பெருநிலத்தில் நடுவதைவிடக் கூடுதல் வருமானம். அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? கம்பனியின் கெட்டித்தனத்திலிருந்து அல்ல. இந்த இடத்திலிருந்து. இதே காற்றால் தொழில் இழந்து கரையில் படுத்திருக்கிறவரின் இடத்திலிருந்து. அப்படியானால் அந்தக் கூடுதலில் அவருக்கு ஒரு பங்கு இருக்கவேண்டும். இனாமாக அல்ல, சமூகப் பொறுப்பு என்ற பெயரில் பாடசாலைக்கு நாலு கதிரையாகவும் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதிய பங்காக.

"மன்னாரைத் தவிர வேறெங்கும் போடுங்கள்" என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள். 2003இல் வெளிவந்த காற்று வரைபடம் இந்த நாட்டில் 20,000 மெகாவாற்றுக்கு மேல் போடத்தக்க நல்ல காற்று நிலம் இருப்பதாகக் கணக்கிட்டது. புதிதாக அனுமதி கொடுத்திருப்பது இரண்டு திட்டங்களுக்கு, மொத்தம் 70 மெகாவாற், 14 கோபுரங்கள். இருபதாயிரத்தில் எழுபதை இந்தத் தீவுக்கு வெளியே வைக்க இடமில்லை என்றால் யார் நம்புவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஆட்களிடமும் ஒன்று சொல்கிறேன்: காற்றுக் குறைந்த இடத்துக்கு மாற்றினால் அலகின் விலை ஏறும், அந்த விலையை மன்னார் வீட்டுப் பட்டியலிலும் சேர்த்துத்தான் கட்டுவோம். தீவில் எத்தனை, எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று இருந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு லொறி வருவதற்கு முன்னர் நடக்கவேண்டும்.

நடந்தது மறுவளம். 2025 ஆகஸ்டில் இறக்கைகளை ஏற்றிய வாகனங்கள் இரவில் தீவுக்குள் வந்த பிறகுதான் பலருக்கு விசயமே தெரியும். மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13ஆம் திகதி ஜனாதிபதி கூட்டம் வைத்து ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தச் சொன்னார். எனக்கு அப்போது நம்பிக்கை வந்தது. ஒரு மாதம் கொஞ்ச நேரமில்லை. ஊர் ஊராக இருந்து கணக்கைக் காட்டியிருக்கலாம். மாதம் முடிந்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு பொலிஸ் காவலோடு கோபுரப் பாகங்கள் வந்தன. அந்த இரவு நகரில் என்ன நடந்தது என்பதை நாடே கைத்தொலைபேசியில் பார்த்தது. அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

தம்பபவனிக்கு விசையாழிகள் தந்தது டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம். எந்த நாட்டுத் தொழிற்சாலையில் வார்த்தார்களோ, பெயர் டென்மார்க்குடையது. இலங்கையைவிடச் சின்ன நாடு அது, நிலப்பரப்பிலும் சனத்தொகையிலும். அங்கே மின்சாரத்தின் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து. இதைக் கூட்டங்களில் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பெருமை தருவது ஒன்று: அங்கே இதைத் தொடக்கிவைத்ததே வாத்திமார். 1891இல் அஸ்கோவ் என்ற ஊர்ப் பாடசாலையில் பௌல் லா கூர் என்ற விஞ்ஞான ஆசிரியர் காற்றாலையில் மின்சாரம் எடுத்து, அதில் தண்ணீரைப் பிரித்து, வந்த ஐதரசனால் பாடசாலைக்கு விளக்கு எரித்தார். 1978இல் உல்ஃப்போர்க் என்ற இடத்தில் ஒரு பாடசாலைக்கூட்டத்தின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைச் சேர்த்துப் போட்டு, தன்னார்வலர்களோடு அந்தக் காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்றைக் கட்டி நிமிர்த்தினார்கள். (எங்கள் சம்பளத்தில் ஒரு மேசைக்காற்றாடி வாங்கலாம். அது வேறு கதை.)

அதே டென்மார்க்கில் சம்சோ என்றொரு தீவு. பரப்பு 114 சதுரக் கிலோமீற்றர், ஏறக்குறைய எங்கள் தீவின் அளவு. சனம் நாலாயிரத்துக்குள், எங்களில் ஒரு சிறு பங்கு. 1997இல் அரசாங்கம் நடத்திய போட்டியொன்றில் தெரிவாகி, பத்து வருடத்துக்குள் தங்களுக்குத் தேவையான வலுசக்தி முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து தாங்களே எடுப்பதென்று இறங்கினார்கள். நிலத்தில் 11 கோபுரங்கள் நட்டார்கள். ஒன்பது தனித்தனி விவசாயிகளுடையவை, இரண்டு சிறு பங்குதாரர் கூட்டுறவினுடையவை. 2003இல் கடலுக்குள் 10. அதில் ஐந்து உள்ளூராட்சி சபைக்கு, மூன்று விவசாயிகள் முதலான தனியாருக்கு, இரண்டு பொதுசனப் பங்குகளுக்கு. கொப்பன்ஹேகன் கடலில் நிற்கும் 20 கோபுரங்களில் பாதி 8,000க்கு மேற்பட்ட சாதாரண ஆட்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். தன் கோபுரம் சுற்றும் சத்தம் யாருக்கும் இரைச்சலாகக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் கோபுரம்தான் நித்திரையைக் கெடுக்கும்.

அங்கேயும் எதிர்ப்பு வந்தது. கோபுரங்கள் பெரிதாகி, கம்பனிகள் கைக்குப் போனதும் மக்கள் மறித்தார்கள். அதன் பிறகே 2008இல் சட்டம் போட்டார்கள்: புதிதாகக் காற்றாலை போடுகிறவர் குறைந்தது 20 வீதப் பங்கை, 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, உள்ளூர் மக்களுக்கு விற்க முன்வரவேண்டும். பங்கு வாங்கப் பணமுள்ளவர்களுக்கே அது உதவியது. 2020இல் மாற்றினார்கள்: கோபுர உயரத்தின் 8 மடங்கு தூரத்துக்குள் வசிப்பவர்களுக்கு வருடாவருடம் மின் வருமானத்திலிருந்து பணம், 6 மடங்கு தூரத்துக்குள் இருப்பவர் விரும்பினால் தன் வீட்டையே காற்றாலைக்காரரிடம் விற்றுவிட்டுப் போக உரிமை. உயரத்தின் 4 மடங்கு தூரத்துக்குள் வீடு இருந்தால் கோபுரமே நடமுடியாது. 150 மீற்றர் கோபுரமென்றால் 600 மீற்றர்.

கோபுரம் கப்பலேறி வந்தது. சட்டம் வரவில்லை.

இந்தியாவின் அதானி கம்பனி இங்கே போடவிருந்த காற்றாலைத் திட்டத்தைப் பற்றி நீட்டவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற், போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல், அலகு 8.26 அமெரிக்கச் சதம், உயர் நீதிமன்றத்தில் வழக்குகள், 2025 பெப்ரவரியில் கம்பனி தானாகவே விலகியது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு, போட்டி விலையில் கொடுத்த 50 மெகாவாற் மன்னார்த் திட்டத்துக்கு அலகு 4.65 சதம். நல்ல விலை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த 4.65இல் எங்களுக்கென்று எத்தனை சதம்?

கேட்கப்போவது பெரிய தொகை அல்ல. ஒரு அலகுக்கு ஒரு சதத்தில் பத்தில் ஒரு பங்கு. 50 மெகாவாற் காற்றாலை வருடத்தில் 40 வீத நேரம் முழுத் திறனில் ஓடியதற்குச் சமமாக உற்பத்தி செய்கிறதென்று வைத்துக்கொள்வோம். 17 கோடியே 52 லட்சம் அலகு. பத்தில் ஒரு சதமென்றால் 1,75,200 டொலர். டொலர் 300 ரூபா என்றால் ஐந்தே கால் கோடி ரூபா. ஒவ்வொரு வருடமும். தம்பபவனிக்கும் இதே கணக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்து 16 கோடியைத் தாண்டும். 4.65 சதம் 4.75 ஆகும். அப்போதும் 8.26இன் பக்கத்தில்கூட நெருங்காது.

இந்தப் பணம் கொழும்பில் ஒரு நிதியத்துக்குப் போய், அங்கிருந்து கடிதம் எழுதிக் கேட்டு வாங்குவதாக இருந்தால் வேண்டாம். தாழ்வுபாடு, ஓலைத்தொடுவாய், நடுக்குடா, பேசாலை, தோட்டவெளி என்று கோபுரம் தெரியும் ஊர்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சண்டையும் இருக்கிறது, களவும் நடந்திருக்கும், மறைக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் இருக்கிறது, பொதுக்கூட்டம் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை, அதாவது சோளக மாதங்களில், கடலுக்குப் போகமுடியாத குடும்பத்துக்கு மாதப்படி. அந்தப் பெரியவரின் கேள்விக்கு இதுதான் நேரான பதில். காத்தாடி நன்றாகச் சுற்றும் மாதத்தில் அவருக்கும் வருமானம்.

அடுத்தது வெள்ளம். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தோட்டவெளிப் பக்கம் வந்து பாருங்கள். இந்தத் தீவு தட்டுப்போலத் தட்டையானது. பல இடங்கள் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர்கூட இல்லை. கோபுரத்துக்குப் பாரந்தூக்கி போகவேண்டுமென்றால் வீதியை உயர்த்தி இறுக்கவேண்டும். உயர்த்திய வீதிக்குப் போதுமான மதகு வைக்காவிட்டால் அது வீதியல்ல, அணைக்கட்டு. தண்ணீர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது என்று சனம் சொல்லும்போது "காற்றாலையால் மழை வராது" என்று ஒரு பொறியியலாளர் பதில் சொன்னதைக் கேட்டேன். மழையைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்யவில்லை. மழைத் தண்ணீர் போகிற வழியைப் பற்றித்தான் கேட்டார்கள். தீவின் நீரோட்ட வரைபடம் ஒன்றைப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் கொடுத்துத் தயாரியுங்கள். அதன் பிறகு எந்த வீதிக்கு எத்தனை மதகு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதே மணலைத் தோண்டி இல்மனைற் என்ற கனிமம் எடுக்கவும் கம்பனி ஒன்று அலைகிறது என்பதால் சனத்துக்கு ஏற்கெனவே பயம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லமுடியாது.

கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது, நிழலும் அதிர்வும் மீனை விரட்டுகிறது என்று தொழிலாளர் சொல்கிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று தட்டிவிடாதீர்கள். விஞ்ஞான வாத்தியாராக நான் கேட்பது: 2020க்கு முந்திய மீன்பாட்டுக் கணக்கும் பிந்திய கணக்கும் உங்களிடம் இருந்தால் மேசையில் வையுங்கள். இல்லையென்றால், புதிய 14 கோபுரங்களுக்காவது இன்றே எடுக்கத் தொடங்குங்கள். சங்கங்களுக்கு ஒரு பதிவுப் புத்தகமும் ஒரு தராசும் போதும்.

பறவைகளுக்காகக் கொழும்பிலிருந்து வாதாட நல்ல சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்திலுள்ள வங்காலை 2010 முதல் ராம்சார் சதுப்பு நிலம், அதாவது சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதை எங்கள் தலைக்கு மேலே. பூநாரைகளும் வாத்துகளும் வாடைக் காலத்தில் வருகின்றன. பெருங்காற்று சோளகக் காலத்தில். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு மாதங்கள். கூட்டங்கள் கடக்கும் நேரங்களில் கோபுரத்தை நிறுத்தி வைத்தால் இழப்பு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது. எப்போது நிறுத்தினீர்கள், எத்தனை பறவை செத்துக் கிடந்தது என்ற பதிவை மாதாமாதம் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தமிழில். முன்னூறு பக்க ஆங்கில அறிக்கையை வைத்துவிட்டு முப்பது நாளைக்குள் கருத்துச் சொல் என்றால், அது கருத்துக் கேட்பதல்ல.

வலையமைப்பைப் பற்றியும் ஒன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததும் முழு நாடும் இருண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் கூடுதல், அதிர்ச்சியைத் தாங்கும் பாரமான மின்பிறப்பாக்கிகள் வலையமைப்பில் குறைவு. குரங்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நினைத்தேன்: கோபுரங்களைக் கூட்டிக்கொண்டே போய், மின்கலச் சேமிப்பையும் பரிமாற்றப் பாதைகளையும் கூட்டாவிட்டால், சோளகம் உச்சத்தில் வீசும் நாளில் "வலையமைப்பு தாங்காது, கோபுரத்தை நிறுத்து" என்று நீங்களே சொல்லவேண்டி வரும். எங்கள் ஊரின் அமைதியைக் கெடுத்து நட்ட கோபுரம், கொழும்பு தாங்காது என்பதற்காகச் சும்மா நிற்பதைப் பார்க்க எங்களுக்குப் பொறுமை இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூட்டம் ஒன்று வையுங்கள், ஆனால் முன்பு வைத்தவை போல அல்ல. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வையுங்கள், சோளகத்துக்கு முன்னர். காலை ஒன்பது மணிக்கு வைக்கவேண்டாம், ஆட்கள் கடலிலிருந்து திரும்பி மீனை நிறுத்துக் கொடுத்து முடிக்கப் பின்னேரம் ஆகும். பெண்களும் வரக்கூடிய நேரமாக, நான்கு மணி நல்லது. திரையும் படங்களும் தேவையில்லை. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி, நீரோட்ட வரைபடம், பறவைப் பதிவு, அந்தப் பத்தில் ஒரு சதத்துக்கான எழுத்து. இந்த நான்கையும் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ள ஒருவரும் வரவேண்டும். மொழிபெயர்ப்பாளரும் வரட்டும்.

பேசாலையில் மண்டபம் ஒழுங்கு செய்யலாம். கதிரைகள் இருக்கின்றன. அந்தப் பெரியவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அதே கேள்வியைத்தான் திரும்பவும் கேட்பார், ஆயத்தமாக வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மன்னார்த் தீவு